ஷார்த்ர் பேராலயத்தை ஒரு பகல் முழுவதும் பார்ப்பது எப்படி

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயிலேறித் தென்மேற்காக ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பயணம் செய்தால் ஷார்த்ர் வந்துவிடும். போஸ் சமவெளியின் கோதுமை வயல்களுக்கு அப்பால், ஊரின் வீடுகள் கண்ணில் படுவதற்கு முன்பே, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு கூர்முனைக் கோபுரங்கள் அடிவானத்தில் எழுந்து நிற்பதைக் காணலாம். பயணிகளில் பலர் அந்தக் கோபுரங்களின் கீழ் இரண்டு மணி நேரம் செலவிட்டு, நிழற்படம் எடுத்துக்கொண்டு, அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு நினைவில் தங்குவது உயரமும் நீல நிறமும்தான். அது சிறிய அனுபவம் அல்ல. ஆனால் இந்தக் கட்டடத்தைப் புரிந்துகொண்டு பார்க்க விரும்புகிறவர் காலை வெயிலிலிருந்து மாலை வெயில் வரை அங்கேயே இருக்க வேண்டும். அந்த ஒரு பகலை எந்த வரிசையில் செலவிடுவது என்பதைத்தான் இங்கே விளக்குகிறேன்.

புறப்படுவதற்கு முன் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியது ஒரே ஒரு தேதி. 1194 ஜூன் 10 அன்று ஷார்த்ர் நகரத்தில் பற்றிய தீ, ஆயர் ஃபுல்பெர்ட்டின் காலத்தில் 1020க்குப் பிறகு கட்டப்பட்டிருந்த பழைய பேராலயத்தை அழித்தது. தரைக்குக் கீழிருந்த நிலவறை ஆலயமும், மேற்கு முகப்பும், அதன் இருபுறக் கோபுரங்களும் தப்பின. மற்றதெல்லாம் புதிதாக எழுப்பப்பட்டது. அதுவும் வியப்பூட்டும் வேகத்தில். 1221ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேராலயக் குருக்கள் புதிய பீடப்பகுதியில் தங்கள் இருக்கைகளில் அமர்ந்துவிட்டார்கள். ஐரோப்பாவின் பெரிய பேராலயங்களில் பல இருநூறு, முந்நூறு ஆண்டுகள் இழுத்தடித்துக் கட்டப்பட்டவை. ஒவ்வொரு தலைமுறையின் விருப்பமும் அவற்றில் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். ஷார்த்ரின் பெரும்பகுதியோ ஒரே தலைமுறையின் கைவேலை. ஆகவே எந்தச் சிலையின் முன்னும், எந்தச் சாளரத்தின் கீழும் நின்றவுடன், இது தீக்கு முந்தியதா, பிந்தியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியது இருகண் நோக்கி. விலையுயர்ந்த கேமராவைவிட இங்கே அது பயன்படும். ஏனெனில் மிக நுணுக்கமான ஓவியங்கள் தலைக்கு மேலே பத்து மீட்டருக்கும் அப்பால் இருக்கின்றன. கோடையிலும் உள்ளே குளிராக இருக்கும் என்பதால் ஒரு மேலாடை தேவை. விவிலியக் கதைகளில் பரிச்சயம் இல்லாதவர்கள் ஆதாம்–ஏவாள், நோவா, ஆபிரகாம், தாவீது, இயேசுவின் பிறப்பு, பாடுகள், இறுதித் தீர்ப்பு ஆகியவற்றையாவது முந்தின இரவு ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது. ஆலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. நிலவறைக்கும் கோபுரத்துக்கும் தனிச் சீட்டு வாங்க வேண்டும். திருப்பலி நடக்கும்போது உலவக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு செய்தியையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆலயங்கள் கிழக்கு நோக்கி அமைவது வழக்கம் என்றாலும், ஷார்த்ரின் பீடம் சரியாகக் கிழக்கே பார்ப்பதில்லை, வடகிழக்காகத் திரும்பியிருக்கிறது. அதனால் எல்லாரும் தெற்கு என்று சொல்லும் பக்கம் உண்மையில் தென்கிழக்கு. மேற்கு முகப்பு தென்மேற்கு. இது கட்டடக்கலை மாணவர்களுக்கான நுணுக்கம் மட்டும் அல்ல. தெற்குச் சாளரங்களை முற்பகலிலும், மேற்குச் சாளரங்களைப் பிற்பகல் முடிவிலும் பார்க்க வேண்டும் என்பதை இந்தத் திருப்பமே தீர்மானிக்கிறது.

மேற்கு முகப்பும் அரச வாயிலும்

முதலில் உள்ளே போகாதீர்கள். மேற்கு முகப்புக்கு எதிரே உள்ள திறந்தவெளியில் நன்றாகப் பின்னால் தள்ளி நின்று இரண்டு கோபுரங்களையும் ஒப்பிடுங்கள். வலப்பக்கத்தில் நிற்பது தெற்குக் கோபுரம். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் கல்முனை நூறு மீட்டரைத் தாண்டி, மீன் செதில்போன்ற மேற்பரப்போடு, அலங்காரம் மிகக் குறைவாக, ஒரே மூச்சில் மேலே போகிறது. சதுரமான அடித்தளம் எண்கோணமாக மாறும் இடத்தைக் கண்டுபிடிக்க முயலுங்கள். மாற்றம் அவ்வளவு மெதுவாக நிகழ்வதால் அது எளிதல்ல. இடப்பக்கத்து வடக்குக் கோபுரத்தின் அடிப்பகுதிதான் இரண்டிலும் பழையது; 1134இல் ஏற்பட்ட இன்னொரு தீக்குப் பிறகு தொடங்கப்பட்டது. ஆனால் அதன் மரத்தாலான உச்சி 1506இல் இடி விழுந்து எரிந்துபோக, 1507க்கும் 1513க்கும் இடையில் ழான் தெ போஸ் என்னும் கட்டடக் கலைஞர் இன்றைய கல்முனையை எழுப்பினார். அது தெற்கு முனையைவிடச் சில மீட்டர் உயரமானது. கூர்வளைவுகளும் உயரமும் பெரிய சாளரங்களும் கொண்ட இடைக்கால ஐரோப்பியக் கட்டட முறையைக் கோதிக் என்பார்கள்; இது தீ நாக்குகளைப் போல் நெளியும் கடைக்காலக் கோதிக் பாணியில் அமைந்தது. இரண்டில் எது அழகு என்ற விவாதம் பழையது. என் வாக்கு தெற்குக் கோபுரத்துக்கே. அதைக் கட்டியவர் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்திருந்தார்.

தெற்குக் கோபுரத்தின் அடியில், பக்கவாட்டில் சற்று நடந்து சென்றால், சூரியக் கடிகாரத்தை ஏந்திய தேவதூதரையும், அருகே நரம்புக்கருவி வாசிக்க முயலும் ஒரு கழுதையையும் காணலாம். வழிகாட்டிகள் பலர் இதைக் காட்டாமல் போய்விடுவார்கள்.

பின்னர் நடுவே உள்ள மூன்று வாயில்களுக்கு வாருங்கள். அரச வாயில் என்று பெயர் பெற்ற இந்தத் தொகுதி ஏறத்தாழ 1145–1155க்குள் செதுக்கப்பட்டது. அதாவது தீக்கு முந்தியது. பாரிஸுக்கு வடக்கே சேன்-தெனி மடாலயத்தில் மடாதிபதி சுகெர் கட்டிய புதிய பீடப்பகுதி 1144இல் அர்ச்சிக்கப்பட்டது. கோதிக் பாணி பிறந்த இடமாக அதைத்தான் குறிப்பிடுவார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் இங்கே உளி ஓடியிருக்கிறது. சேன்-தெனியின் தூண்சிலைகள் அழிந்துவிட்டதால், அந்த முதல் தலைமுறைச் சிற்பத்தைப் பார்க்க ஷார்த்ரைவிட நல்ல இடம் இல்லை.

இந்த வாயிலைப் பார்க்கக் குறைந்தது நாற்பது நிமிடங்கள் ஒதுக்குங்கள். வாயிலின் இரு பக்கங்களிலும் தூண்களோடு தூணாக ஒட்டி நிற்கும் அரசர்களும் அரசிகளும் பழைய ஏற்பாட்டு மாந்தர்கள் என்று கருதப்படுகிறார்கள். முதலில் 24 சிலைகள் இருந்தன, 19 எஞ்சியிருக்கின்றன. உடல்கள் இயல்புக்கு மாறாக நீண்டு, ஆடையின் மடிப்புகள் தூணின் கோடுகளைப் போலவே நேராக இறங்குகின்றன. இது சிற்பியின் திறமைக் குறைவு அல்ல. சிலையைத் தூணுக்குப் பணியவைத்திருக்கிறார். முகங்களைப் பார்த்தால் அந்தப் பணிவு அங்கே முடிந்துவிட்டது தெரியும்: ஒவ்வொரு முகமும் தனித்தனி மனிதர். நடு வாயிலின் சிலைகளை அருகில் சென்று பார்த்துவிட்டு, பிறகு பக்கவாயில்களுக்கு வந்தால், ஒரு தலைமைச் சிற்பியின் கையும் உதவியாளர்களின் கைகளும் வேறுபடுவது உங்களுக்கே புலப்படும்.

கதவுகளுக்கு மேலுள்ள அரைவட்டப் பரப்புகளில், நடுவே நற்செய்தியாளர்களைக் குறிக்கும் நான்கு உயிர்கள் சூழ மாட்சியுடன் அமர்ந்த கிறிஸ்து. இடப்பக்கத்தில் அவருடைய விண்ணேற்றம். வலப்பக்கத்தில் குழந்தையை மடியில் ஏந்தி அரியணையில் வீற்றிருக்கும் அன்னை மரியா. பெரும்பாலோர் இதோடு நகர்ந்துவிடுகிறார்கள். சுற்றியுள்ள வளைவு வரிசைகளில் இருகண் நோக்கியைத் திருப்பினால்தான் சுவையான பகுதி வரும். அன்னையைச் சுற்றி ஏழு கலைகள் பெண்ணுருவங்களாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் அந்தக் கலையின் பேரறிஞர் ஒருவர் மடியில் பலகை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார். இசை என்பவள் மணிகளைத் தட்டுகிறாள், அவளருகே பித்தகோரஸ். இலக்கணம் என்பவள் கையில் பிரம்புடன் இரண்டு சிறுவர்களுக்குப் பாடம் நடத்த, ஒருவன் மற்றவனின் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறான். கிரேக்கத் தத்துவம் கற்ற புறச்சமயத்தாரை மரியாவின் காலடியில் அமர்த்தியது எதற்கு என்றால், 12ஆம் நூற்றாண்டில் ஷார்த்ரின் பேராலயப் பள்ளி ஐரோப்பாவின் புகழ்பெற்ற கல்விக்கூடங்களில் ஒன்று. முகப்பில் தன் பாடத்திட்டத்தையே அது செதுக்கி வைத்திருக்கிறது.

இடது வாயிலின் வளைவுகளில் பன்னிரண்டு மாதங்களின் வேலைகளும் இராசிகளும் மாறிமாறி வருகின்றன. எண்ணிப் பாருங்கள்: இராசிகளில் இரண்டு குறையும். மீனமும் மிதுனமும் இடமில்லாமல் வலது வாயிலுக்குப் போய், கலைகளின் நடுவே பொருத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் அளவெடுப்பதில் செய்த பிழை, அல்லது கற்களை இடம் மாற்றியதன் விளைவு. எப்படியானாலும், பெரிய படைப்பின் நடுவே இப்படி ஒரு சமாளிப்பைக் கண்டுபிடிப்பது மனத்துக்கு இதமாக இருக்கிறது.

உள்ளே: கல் எப்படி நிற்கிறது

நுழைந்தவுடன் சாளரங்களை நோக்கி ஓடாமல், நடுக்கூடத்தின் மேற்கு முனையில் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் பழக வேண்டும். பிறகு ஒரு பக்கச் சுவரைக் கீழிருந்து மேலாக மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பாருங்கள். கீழே தூண்கள் தாங்கிய உயர்ந்த கூர்வளைவுகள். நடுவே சிறு தூண்கள் வரிசையாக நிற்கும் குறுகிய நடைவழி. மேலே, கீழ் வளைவுகளுக்கு ஏறத்தாழச் சமமான உயரத்தில் பெரிய சாளரங்கள். ஒவ்வொரு மேற்சாளரமும் இரண்டு நீள்கண்களும் அவற்றின் தலையில் ஒரு வட்டமுமாக அமைந்தது.

இது ஏன் முக்கியம் என்றால், 1163இல் தொடங்கிய பாரிஸ் நோத்ர்-தாம் ஆலயத்தில் முதலில் நான்கு அடுக்குகள் இருந்தன. வளைவுகளுக்கு மேலே ஓர் அகலமான மாடிக்கூடம் அங்கே உண்டு. கூரையின் தள்ளு விசையைத் தாங்க அது உதவியது. ஷார்த்ரைக் கட்டியவர்கள் அந்த மாடியை நீக்கிவிட்டார்கள். அப்படியானால் தள்ளு விசையை எது தாங்கும்? விடை வெளியே இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். இப்போதைக்கு அண்ணாந்து பாருங்கள்: தரையிலிருந்து ஏறத்தாழ 36 மீட்டர் உயரத்தில் கல்லாலான கவிகை, அதாவது வளைந்த உட்கூரை. ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இரண்டு விலா வளைவுகள் அதை நான்கு பகுதிகளாகப் பிரிக்கின்றன. பாரிஸில் இது ஆறு பகுதி. அதனால் அங்கே இரண்டிரண்டு கட்டங்களாகக் கண் செல்லும். இங்கே ஒரே அளவுக் கட்டங்கள் அடுத்தடுத்து வர, 130 மீட்டர் நீளக் கட்டடத்தின் மேற்கு முனையிலிருந்து பார்வை தடையில்லாமல் பீடம்வரை வழுக்கிச் செல்கிறது. முற்றிலும் ஒரேமாதிரி இருந்தால் சலிக்கும் என்று எண்ணினார்களோ என்னவோ, தூண்களில் ஒரு சிறு விளையாட்டைச் செய்திருக்கிறார்கள்: உருண்டையான தூணைச் சுற்றி எண்கோணக் கம்பங்கள், அடுத்தது எண்கோணத் தூணைச் சுற்றி உருண்டைக் கம்பங்கள் என்று மாறிமாறி வரும். அருகே சென்று கையால் தொட்டுப் பார்த்தால்தான் இது பலருக்குத் தெரிகிறது.

இப்போது வெளியே வந்து தெற்குப் பக்கமாக நடந்து, நடுக்கூடத்தின் வெளிச்சுவரைப் பாருங்கள். பக்கக்கூடங்களின் கூரைக்கு மேலே, பெருங்கனமான கல் முட்டுகளிலிருந்து சுவரை நோக்கி வளைவுகள் தாவுகின்றன. பறக்கும் முட்டு என்று சொல்வது இதைத்தான். கல் கவிகை தன் எடையால் கீழே மட்டும் அழுத்துவதில்லை. பக்கவாட்டிலும் சுவர்களைத் தள்ளும். அரைவட்ட வளைவைவிடக் கூர்வளைவு குறைவாகத் தள்ளும் என்றாலும், தள்ளாமல் இருக்காது. விலா வளைவுகள் அந்த விசையைத் திரட்டிக் குறிப்பிட்ட புள்ளிகளில் கொண்டுவந்து சேர்க்க, அந்தப் புள்ளிகளில் வெளியிலிருந்து முட்டுக்கொடுத்தால் போதும். இடையிலுள்ள சுவர் எதையும் தாங்க வேண்டியதில்லை. வேலையில்லாத சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைக்கலாம். உள்ளே நீங்கள் காணும் ஒளி முழுவதும் வெளியே நிற்கும் இந்த அழகற்ற உழைப்பாளிகள் வாங்கிக் கொடுத்தது. ஷார்த்ரில் இரண்டு வளைவுகளைச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போன்ற குட்டைத் தூண்கள் இணைத்திருக்கின்றன. முதன்முறையாக இவ்வளவு பெரிய அளவில் செய்கிறவர்களின் எச்சரிக்கை அந்தத் தடிமனில் தெரிகிறது. கணக்கிட்டுப் பார்க்க அறிவியல் இல்லாத காலம். அனுபவமும் துணிச்சலும்தான் இருந்தன. பின்னால் வந்தவர்கள் துணிச்சலைக் கூட்டிக்கொண்டே போனார்கள்: அமியேன் பேராலயத்தில் கவிகையின் உயரம் 42 மீட்டர், பொவே பேராலயத்தில் 48 மீட்டர். பொவேயின் கவிகை 1284இல் இடிந்து விழுந்தது.

கல்லையும் கவனியுங்கள். நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெர்ஷேர் என்னும் ஊரின் சுண்ணாம்புக்கல் அது. கடினமானது, துளைகள் நிறைந்தது. அதை இங்கே கொண்டுவருவது எளிய வேலை அல்ல. 1145இல் கோபுரம் எழுந்துகொண்டிருந்தபோது, ஆண்களும் பெண்களும் மாடுகளைப் போல் வண்டிகளில் தங்களைப் பூட்டிக்கொண்டு பொருள்களை இழுத்துவந்ததாக அக்காலக் கடிதங்களும் குறிப்புகளும் சொல்கின்றன.

இவ்வளவு முயற்சிக்கும் பணத்துக்கும் காரணமாக இருந்தது ஒரு துணி. பேரரசர் சார்லஸ் 876இல் வழங்கியதாகச் சொல்லப்படும் அந்தத் திருப்பண்டம், இயேசுவைப் பெற்றபோது மரியா அணிந்திருந்த ஆடை என்று நம்பப்பட்டது. 1194 தீயில் அதுவும் எரிந்துவிட்டதாக மக்கள் மனமொடிந்திருக்க, மூன்று நாள் கழித்து அது நிலவறையிலிருந்து பாதுகாப்பாக வெளியே கொண்டுவரப்பட்டது. அன்னை தனக்கு இன்னும் பெரிய இல்லம் வேண்டுகிறாள் என்று அதற்குப் பொருள் கொண்டார்கள். ஆயரும் குருக்களும் தங்கள் வருவாயின் பெரும்பகுதியை மூன்று ஆண்டுகளுக்குக் கட்டுமானத்துக்குக் கொடுத்தார்கள். மரியாவின் திருநாள்களையொட்டி நடந்த சந்தைகள் நகரை வளர்த்தன. பல நூற்றாண்டுகள் சட்டையின் உருவில் திருப்பயணிகளுக்குப் பதக்கங்கள் விற்றார்கள். 1712இல் பேழையைத் திறந்தபோதோ உள்ளே இருந்தது சட்டை அல்ல, நீண்ட பட்டுத்துணி. அதன் ஒரு பகுதி இன்றும் பேராலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

சாளரங்களைப் படிப்பது

முற்பகல் வெயில் தெற்குப் பக்கத்தில் இருக்கும்போதே மீண்டும் உள்ளே வாருங்கள். மொத்தம் 176 சாளரங்கள். பெரும்பாலானவை 12, 13ஆம் நூற்றாண்டுகளின் கண்ணாடியை இன்றும் வைத்திருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். ஆறு சாளரங்களை நன்றாகப் பார்த்தால் போதும்.

செய்முறை தெரிந்தால் பார்வை கூர்மையாகும். உருகிய கண்ணாடியில் உலோக ஆக்சைடுகளைக் கலந்து நிறம் ஏற்றினார்கள், நீலத்துக்குக் கோபால்ட். தகடுகளைத் தேவையான வடிவத்தில் வெட்டி, முகமும் விரலும் ஆடை மடிப்பும் கரும்பழுப்பு வண்ணத்தால் தீட்டி, சூளையில் சுட்டு, ஈயப் பட்டைகளால் கோத்தார்கள். ஆகவே நீங்கள் காணும் கருங்கோடுகளில் தடித்தவை ஈயம், மெல்லியவை தூரிகை, மிகப் பெரிய சட்டங்கள் இரும்பு. அந்த இரும்புச் சட்டங்கள்தான் கதையின் கட்டங்கள். படிக்க வேண்டிய திசை கீழிருந்து மேல்; பெரும்பாலும் இடமிருந்து வலம். மேலிருந்து தொடங்கினால் முடிவை முதலில் படித்தவராவீர்கள்.

பழகிக்கொள்ள ஏற்றது நடுக்கூடத்தின் தெற்குப் பக்கத்திலுள்ள நல்ல சமாரியர் சாளரம்; இயேசு சொன்ன ஓர் உவமை அது. அடியில் காலணி செய்வோர் தங்கள் தொழிலில் ஈடுபட்டிருக்கிறார்கள். அதற்கு மேலே எருசலேமிலிருந்து புறப்படும் பயணி, வழிப்பறிக் கொள்ளையர், கண்டும் காணாமல் போகும் குருவும் கோயில் பணியாளரான லேவியரும், கடைசியில் காயத்துக்குக் கட்டுப்போட்டு விடுதிக்கு அழைத்துச் செல்லும் சமாரியர். கதை சாளரத்தின் நடுவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே திடீரென்று ஆதாமும் ஏவாளும் வருகிறார்கள். விலக்கப்பட்ட கனியும், தோட்டத்திலிருந்து விரட்டப்படுவதும், காயின் தன் தம்பியைக் கொல்வதும் தொடர்கின்றன. தவறான கண்ணாடியை இங்கே பொருத்திவிட்டார்களா என்று தோன்றும். இல்லை; இடைக்கால மறையுரையாளர்கள் இந்த உவமைக்குச் சொன்ன விளக்கமே அது. எருசலேமை விட்டுப் புறப்பட்டவன் பேரின்பத் தோட்டத்தை இழந்த மனிதகுலம், சமாரியர் கிறிஸ்து, விடுதி திருச்சபை. கீழ்ப்பாதி உவமை, மேற்பாதி அதன் உரை. நம் உரையாசிரியர்கள் மூலத்தையும் உரையையும் ஒரே ஏட்டில் எழுதியதுபோல என்று எடுத்துக்கொள்ளலாம்.

காலணி செய்வோர் அங்கே ஏன் என்பது வேறு கேள்வி. ரொட்டி சுடுவோர், தோல் வணிகர், தண்ணீர் சுமப்போர், நாணயம் மாற்றுவோர் என்று பல தொழிலாளர்கள் சாளரங்களின் அடியில் காட்சி தருகிறார்கள். அந்தந்தத் தொழிற்குழுவினர் நன்கொடை கொடுத்ததன் கையொப்பம் இது என்று நீண்ட காலமாகச் சொல்லப்பட்டது; இன்றும் வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்வார்கள். ஆய்வாளர்களில் சிலர் இதை ஏற்பதில்லை. பேராலயக் குருக்களுக்கும் நகர மக்களுக்கும் உறவு அவ்வளவு இனிமையாக இருக்கவில்லை. 1210இல் மக்கள் திரண்டு தலைமைக் குருவின் வீட்டையே தாக்கினார்கள். பணிவோடு உழைத்துக் காணிக்கை செலுத்தும் தொழிலாளர் என்பது குருக்கள் காண விரும்பிய நகரத்தின் படமாகவும் இருக்கலாம். எனக்கு இந்த ஐயம் நியாயமாகவே படுகிறது.

நடுக்கூடத்தைக் குறுக்கே வெட்டும் குறுக்குக்கூடத்தின் தெற்குப் பகுதியைக் கடந்து பீடத்தைச் சுற்றும் வழியில் நுழைந்தவுடன், வலப்பக்கத்தில் அழகிய சாளரத்து அன்னை என்று பெயர்பெற்ற சாளரம் இருக்கிறது. பகல் உச்சிக்கு வருமுன் இங்கே இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பின்னணியில், இளநீல ஆடையுடன், குழந்தையை மடியில் வைத்திருக்கும் அன்னையின் உருவம் ஏறத்தாழ 1180ஐச் சேர்ந்தது, தீயிலிருந்து தப்பியது. சுற்றியுள்ள தேவதூதர்கள் 13ஆம் நூற்றாண்டில், புதிய கட்டடத்தின் பெரிய சாளரத்துக்கு ஏற்றவாறு சேர்க்கப்பட்டவர்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு நீலங்களையும் ஒப்பிடுங்கள். உள்ளே இருப்பது வானத்தைப்போல் வெளிறி ஒளிர்கிறது; வெளியே இருப்பது அடர்ந்து ஆழ்கிறது. காலையில் நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்ட 1194 என்னும் கோடு இங்கே ஒரே சாளரத்துக்குள் ஓடுகிறது.

அடுத்து, குறுக்குக்கூடத்தின் நடுவே நின்று தெற்கையும் வடக்கையும் மாறிமாறிப் பாருங்கள். இரு முனைகளிலும் ரோஜாச் சாளரங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஐந்து நீள்சாளரங்கள். தெற்கில் நடுவே அன்னை மரியா நிற்க, இருபுறமும் நான்கு நற்செய்தியாளர்கள் நான்கு பழைய ஏற்பாட்டு இறைவாக்கினரின் தோள்களில் ஏறி அமர்ந்திருக்கிறார்கள்: எசாயாவின் மேல் மத்தேயு, எரேமியாவின் மேல் லூக்கா, எசேக்கியேலின் மேல் யோவான், தானியேலின் மேல் மாற்கு. இராட்சதரின் தோளில் அமர்ந்த குள்ளர்கள் நாம், அதனால்தான் அவர்களைவிடத் தொலைவாகப் பார்க்கிறோம் என்னும் புகழ்பெற்ற உவமை, இதே பேராலயப் பள்ளியில் கற்பித்த பெர்னார்டு என்பவருடையது. அதைப் பதிவுசெய்தவர் சாலிஸ்பரி ஜான். அவரே 1176 முதல் 1180 வரை ஷார்த்ரின் ஆயராக இருந்தார். சாளரத்தை வரைந்தவர் அந்த உவமையைத்தான் நினைத்தாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அதை நினைக்காமல் இந்தச் சாளரத்தைப் பார்ப்பதும் கடினம்.

வடக்கு ரோஜாவில் அன்னையைச் சுற்றி அரசர்களும் இறைவாக்கினரும். அதன் கீழ் நடுச்சாளரத்தில் குழந்தை மரியாவை ஏந்திய புனித அன்னா. பிரான்சின் லில்லி மலரும் காஸ்டில் நாட்டின் கோட்டையும் எங்கும் பொறித்திருப்பதிலிருந்து, புனித லூயி மன்னரின் தாய் பிளான்ஷ் அரசியின் கொடை இது என்பது தெரிகிறது. எதிரேயுள்ள தெற்கு ரோஜாவின் கொடையாளர் பிரித்தானிப் பிரபு பியேர் மொக்ளெர். தன் குடும்பத்தாரையும் சின்னத்தையும் கீழே பொறித்துக்கொண்டவர். அவர் பிளான்ஷ் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது அவருக்கு எதிராகக் கிளர்ந்தவர்களில் முதன்மையானவர். இரண்டு எதிரிகளின் காணிக்கைகள் ஒரே கூடத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. வடக்குச் சாளரத்தில் நல்லவர்களின் காலடியில் தீய அரசர்கள் சிறியதாக நசுங்கிக் கிடப்பதை இந்தப் பின்னணியோடு பார்த்தால் சுவை கூடும்.

இடைவேளைக்குப் பின்

பசியாறிவிட்டு வந்து வெளி மண்டபங்கள் இரண்டையும் பாருங்கள். வடக்கு வாயிலில் ஈசாக்கைப் பலியிட ஓங்கிய கையோடு ஆபிரகாம் தலையைத் திருப்பி மேலே பார்க்கிறார். அரச வாயிலின் அசையாத அரசர்களுக்கும் இந்தக் கழுத்துத் திருப்பத்துக்கும் நடுவே அறுபது எழுபது ஆண்டுகள் கடந்திருக்கின்றன. தெற்கு வாயிலின் நடுவே கற்பிக்கும் கிறிஸ்து, மேலே இறுதித் தீர்ப்பு, இருபுறமும் மறைசாட்சிகளும் மறைப்பணியாளர்களும்.

மீண்டும் உள்ளே வந்தால் நடுக்கூடத்தின் தரையில் ஏறத்தாழ 13 மீட்டர் விட்டமுள்ள சுற்றுவழி கல்லில் பதிந்திருக்கிறது. இது வழிதவறச் செய்யும் புதிர் அல்ல. ஒரே பாதை, பதினொரு வளையங்கள், ஏறத்தாழ 260 மீட்டர் நடை. மற்ற நாள்களில் நாற்காலிகள் அதை மறைத்திருக்கும். கோடைப் பருவத்தில் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் அகற்றுவார்கள். நடக்க விரும்புகிறவர்கள் அதற்கேற்ப நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் ஒரு காலத்தில் இருந்த உலோகத் தகடு பிரெஞ்சுப் புரட்சியின்போது பெயர்த்தெடுக்கப்பட்டது. இந்தச் சுற்றுவழியைப் பற்றி விற்பனைக்கு வரும் மறைபொருள் விளக்கங்கள் ஏராளம். அவற்றில் நேரம் செலவிட வேண்டாம்.

பீடப்பகுதியைச் சூழ்ந்த கல் திரையை ழான் தெ போஸ் 1514இல் தொடங்கினார். முடிய இருநூறு ஆண்டுகள் ஆயின. மரியா, இயேசு ஆகியோரின் வாழ்விலிருந்து 40 காட்சிகள். நேரமிருந்தால் பாருங்கள். நிலவறைக்கோ தவறாமல் போக வேண்டும். வழிகாட்டியோடுதான் அழைத்துச் செல்வார்கள். மேலே உள்ள கோதிக் கட்டடம் ஃபுல்பெர்ட்டின் 11ஆம் நூற்றாண்டுச் சுவர்களின் மீதே நிற்கிறது என்பதையும், நடுக்கூடம் இவ்வளவு அகலமாக, 16 மீட்டருக்கும் மேலாக, ஏன் அமைந்தது என்பதையும் அங்கே புரிந்துகொள்வீர்கள்: பழைய அடித்தளத்தின் அகலம்தான் புதியதின் அகலம்.

கூரை இன்று பச்சையாகத் தெரிவது செம்பின் களிம்பு. 1836 ஜூன் 4 அன்று பழைய மரக்கூரை முழுவதும் எரிந்தது. கீழிருந்த கல் கவிகை தாங்கியதால் சாளரங்கள் பிழைத்தன. மரத்துக்குப் பதில் இரும்புச் சட்டகம் அமைத்துச் செப்புத் தகடு போர்த்தினார்கள். 2019இல் பாரிஸ் நோத்ர்-தாம் எரிந்தபோதும் மரக்கூரை போய்க் கவிகையின் பெரும்பகுதி நின்றதை நினைத்தால், கல் கவிகை வெறும் அழகுக்கு அல்ல என்பது விளங்கும். 20ஆம் நூற்றாண்டில் ஆபத்து வேறு வடிவில் வந்தது. 1939இல் சாளரங்களைக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்துப் பத்திரப்படுத்தினார்கள். 1944 ஆகஸ்ட் 16 அன்று, ஜெர்மானியர் கோபுரத்தில் ஒளிந்திருப்பதாக ஐயுற்று அமெரிக்கப் படை பேராலயத்தைச் சுட முனைந்தபோது, வெல்பர்ன் கிரிஃபித் என்னும் கர்னல் தாமே உள்ளே சென்று தேடி, யாரும் இல்லை என்று உறுதிசெய்து அந்த ஆணையைத் தடுத்தார். அன்றே, அருகிலுள்ள லேவ் என்னும் ஊரில் அவர் போரில் இறந்தார்.

சுவர்கள் ஏன் இவ்வளவு வெளிச்சமாக, வெண்மஞ்சளாக இருக்கின்றன என்று பழைய படங்களைப் பார்த்து வந்தவர்கள் திகைக்கக்கூடும். 2009 வாக்கில் தொடங்கிய உட்புறச் சீரமைப்பில் நூற்றாண்டுகளின் புகையும் அழுக்கும் அகற்றப்பட்டு, அடியில் எஞ்சியிருந்த 13ஆம் நூற்றாண்டுப் பூச்சின் நிறம் மீட்கப்பட்டது. கல் இணைப்புகளைப்போல் வெள்ளைக் கோடுகளும் தீட்டப்பட்டன. இது பெரும் சண்டையைக் கிளப்பியது. தூண் அன்னை என்று அழைக்கப்படும், கருமையாக இருந்த மரியாவின் சிலையை வெளிர்நிறமாக்கியது பக்தர்கள் பலரைப் புண்படுத்தியது. இருட்டான சுவரின் நடுவே சாளரங்கள் இன்னும் ஆழமாக ஒளிர்ந்தன என்பது உண்மை. அந்த இருட்டு கட்டியவர்களின் எண்ணம் அல்ல, மெழுகுவத்திப் புகையின் வேலை என்பதும் உண்மை. சுவரைப் பொறுத்தவரை சீரமைத்தவர்களின் பக்கமே நான் நிற்கிறேன். சிலையைப் பொறுத்தவரை இல்லை. மக்கள் பல தலைமுறைகளாகக் கருமையாகக் கண்டு வணங்கிய முகத்துக்கு அந்தக் கருமையும் வரலாறுதான்.

கடைசி ஒரு மணி நேரத்தை மேற்கு முனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பீடத்தை நோக்கி இருக்கும் நாற்காலி ஒன்றை எடுத்துத் திருப்பிப் போட்டு, வந்த வாயிலைப் பார்த்து உட்காருங்கள். மேலே 1215 வாக்கில் அமைந்த இறுதித் தீர்ப்பு ரோஜா. கீழே ஏறத்தாழ 1150ஐச் சேர்ந்த மூன்று சாளரங்கள். வலப்புறத்தில், படுத்துறங்கும் தாவீதின் தந்தை ஈசாயின் உடலிலிருந்து எழும் மரத்தில் அரசர்கள் ஒருவர்மேல் ஒருவராக அமர்ந்து, மரியாவிலும் கிறிஸ்துவிலும் முடிகிறார்கள். நடுவே இயேசுவின் பிறப்பும் இளமையும். இடப்புறத்தில் பாடுகளும் உயிர்ப்பும். சாயும் வெயில் நேராக இந்தக் கண்ணாடியில் விழும் வேளை இதுதான். பிற்காலக் கண்ணாடிக்காரர்கள் எட்ட முடியாமல் போன அந்த வெளிர்நீலம் முதலில் ஈசாய் மரத்தின் அடியில் பற்றி, மெல்ல மேலே ஏறும். ரயில் அட்டவணையை முன்பே பார்த்து வைத்துக்கொண்டால், அது உச்சிக் கிளையை எட்டும்வரை எழுந்திருக்க வேண்டியதில்லை.